நானூற்றுத் தொண்ணூறாவது எழுத்து

திசையன்விளைக்கு மேற்கே
தவசிலிங்கத்தின் மானாவாரிக் காட்டில்
விடிந்தும் விடியாமலும் இலை பறித்தேன்.
அவுரி. பேதிக்குக் கொடுக்கிற இலை.
"இதுக்கா பாளையங்கோட்டையில இருந்து வந்திய?
மூட மூடயா தூத்துக்குடிக்குப் போகுத சாமான்,
நீங்க பத்து இலைய ஐஸ்ல வச்சுக் கொண்டு போறிய"
என்று சிரித்தான்.

பத்து இலை போதும்.
திரவ நைட்ரஜன் ஊற்றி உரலில் அரைத்தேன்.
புகை போனதும் பச்சை மாவு,
கழுவக் கழுவக் கடைசியில்
குழாயின் அடியில் ஒரு சொட்டு ஈரம்.
அதற்குள் எங்கோ
ஆயிரத்து நூற்று எழுபத்து மூன்று எழுத்து.
ஏ டி ஜி-யில் தொடங்கி டி ஏ ஏ-யில் நிற்கும்.
நடுவே இடைவெளி கிடையாது,
புள்ளி வைக்காத ஏடு மாதிரி.

அதைப் பெருக்கி, ஒரு வட்டத்தில் ஒட்டி,
பாக்டீரியாவின் வாசலில் கொண்டு வைத்தேன்.
நாற்பத்திரண்டு டிகிரி, நாற்பத்தைந்து நொடி:
அந்தச் சூட்டில்தான் கதவு திறக்கும்.
வெளியே மே மாதம்.
ஜங்ஷன் பஸ் நிறுத்தத்தில்
அதே சூட்டில் அரை மணி நேரமாக நிற்கிறார்கள்,
யாருக்கும் ஒன்றும் திறக்கவில்லை.

மறுநாள் தட்டு முழுக்க நீலப் புள்ளிகள்.
நீலம் என்றால் வெறுங்கை.
வெள்ளைதான் வேண்டும்.
பதினொரு வெள்ளை.
பல்குத்தும் குச்சியால் தொட்டு எண் போட்டேன்.
ஏழாம் எண்ணில் ஜீன் இருந்தது, பின்பக்கமாக நுழைந்து.
மூன்றாம் எண்ணில் நேராக இருந்தது.
எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று, புரதமும் செய்தது.
ஜெல்லில் தடித்த கோடு, சொன்ன எடைக்கு.
ஆனால் வேலை பார்க்கவில்லை.
உப்பைக் கூட்டினேன், குறைத்தேன்,
குளிர் அறையில் ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன்.
ஆறு மாதம்
வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போடுகிற ஆள் மாதிரி
கோட்டைக் காட்டிக்கொண்டு இருந்தது.

காசு மிச்சம் என்று
ஒரு முனையிலிருந்து மட்டும்
வாசிக்கக் கொடுத்திருந்தேன்.
அந்த வாசிப்பின் மங்கலான வாலில் இருந்தது பிழை.
நானூற்றுத் தொண்ணூறாவது எழுத்து.
டி இருக்க வேண்டிய இடத்தில் சி.
சிஸ்டீன் வர வேண்டிய இடத்தில் ஆர்ஜினைன்.
நகலெடுத்த நொதியின் கைப்பிசகு.
புலி என்று எழுதப்போய்
புளி.

பதினொன்றாம் எண்ணில் புலி புலியாகவே இருந்தது.
பதினான்காவது நிமிடத்தில்
திரையில் ஒரு மேடு எழும்பியது.
இசக்கிதுரை அண்ணன் மேட்டைப் பார்த்துவிட்டு
"இவ்வளவுதானா?" என்றார்.
இவ்வளவுதான்.

மூன்றாம் எண்ணை ஏன் எறியவில்லை?
மனம் வரவில்லை என்றால் கேட்க நன்றாக இருக்கும்.
மறந்துவிட்டேன்.

டிசம்பரில் ஆறு ஊருக்குள் வந்தது.
மூன்று நாள் கரண்ட் இல்லை.
உறைபெட்டி சொட்டத் தொடங்கியபோது
மேலப்பாளையம் மீரான் மீன் ஐஸ் கொண்டு வந்தார்,
இடுப்பளவு தண்ணீரில், தலைச்சுமையாக.
எது எந்தக் குழாய் என்று பார்க்க நேரமில்லை.
எல்லாவற்றையும் அள்ளிப் போட்டோம்.

மார்ச்சில், ஆய்வுக் கட்டுரையைப் படித்த யாரோ ஒருவர்
இரண்டாவது கேள்வியாகக் கேட்டார்:
இந்த நொதிக்கு அந்த சிஸ்டீன்தான் கை என்கிறீர்களே,
கையை வெட்டிப் பார்த்தீர்களா?

பெட்டியைத் திறந்தேன்.
வஞ்சிர மீன் செதில் ஒன்று ஒட்டிய மூடியில்
என் கையெழுத்து: "3 வீண்".
ஆறு மாதம் நான் திட்டிய முண்டம்,
யாரும் கேட்பதற்கு முன்னாலேயே
கை இல்லாமல் வந்து காத்திருக்கிறது.
பேனா எடுத்து ஒரு சொல்லை அடித்தேன்.
எண்ணை அப்படியே விட்டேன்.

தவசிலிங்கத்துக்குப் போன் போட்டேன்.
"என்ன கண்டுபிடிச்சிய?"
அவுரி பேதி மருந்தாகிற பாதையில் முதல் படி என்றேன்.
"அது வயித்தக் கலக்கும்னு எனக்கே தெரியுமே.
கிலோவுக்கு வெல ஏறுமா?"
தெரியாது என்றேன்.
பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம்.
"சரி, அடுத்த தடவ வந்தா
அர மூடயாவது வாங்கிட்டுப் போங்கம்மா."